கைக்கு ஏற வேண்டிய பாடம்

நின்றுபோன இதயத்தை மறுபடி ஓடவைக்க என்ன செய்ய வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கல். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆறுக்கு மேற்படாமல் ஆழம். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். 30 அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. பத்து மதிப்பெண் கேள்வி என்றால் பத்தும் வந்துவிடும். அதே மாணவரைப் பயிற்சிப் பொம்மை முன் மண்டியிடச் சொல்லிப் பாருங்கள். இருபதாவது அமுக்கலில் முழங்கை மடியும். நெஞ்சுக்கு நேர்மேலே நிற்க வேண்டிய தோள் பின்வாங்கும். உள்ளங்கை கொஞ்சம் கொஞ்சமாக விலா எலும்புப் பக்கம் நகரும். ஒரு நிமிடம் முடிவதற்குள் வேகம் 140-ஐத் தாண்டியிருக்கும், ஆழம் பாதியாகியிருக்கும். இதில் எதுவும் அவருக்குத் தெரியாது. நன்றாகத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை முகத்தில் இருக்கும்.

மயக்கவியல் துறைக்காரன் என்பதால் இந்தப் பாடம் வருடாவருடம் என் தலையில் விழுகிறது. மற்ற பாடங்களில், தனக்கு ஒன்று தெரியாது என்பது மாணவருக்கே தெரியும். தேர்வுக்கு முந்தின இரவு விழித்திருந்து சரிசெய்துகொள்வார். இங்கே அறிவு இருக்கிறது, கை இல்லை. விடைத்தாள் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. நம் மருத்துவக் கல்வி வாயையும் பேனாவையும் நம்பி நடப்பது. கைக்குத் தனி ஞாபகம் உண்டு, தனி மறதியும் உண்டு என்பதை அது இன்னும் மனதார ஒப்புக்கொள்ளவில்லை.

எவ்வளவு திறமையாக அமுக்கினாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். அதை வைத்துத்தான் மூளையும் இதயமும் தாக்குப்பிடிக்க வேண்டும். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அழுத்தம் உடனே ஏறிவிடாது. விடாமல் பல அமுக்கல்கள் விழுந்த பிறகு மெல்ல ஏறும், கையை எடுத்த மாத்திரத்தில் இறங்கிவிடும். மானிட்டரில் என்ன ஓடுகிறது என்று எட்டிப்பார்க்கச் சில விநாடி, நாடி தட்டுகிறதா என்று தேடச் சில விநாடி, மூச்சுக்குழாய் போடுகிறவர் ‘கொஞ்சம் நிறுத்துங்க’ என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளும் அரை நிமிடம். அதுவரை சேர்த்தது அத்தனையும் போய், மறுபடி முதலிலிருந்து. புத்தகத்தில் இது ‘இடையூறுகளைக் குறைக்கவும்’ என்று ஒரு வரியாக இருக்கிறது. வார்டில் அந்த ஒரு வரிதான் பிழைப்பதற்கும் இறப்பதற்கும் நடுவில் நிற்கிறது.

வார்டில் இன்னும் பல உண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. இரும்புக் கட்டிலின் மெத்தை பள்ளம் விழுந்திருக்கும். அமுக்குகிற அமுக்கில் பாதி மெத்தைக்குப் போகும். முதுகுக்கடியில் பலகை செருக வேண்டும். பலகை எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் தேடினால் ஆயிற்றா? கட்டில் உயரம் என்றால் உயரம் குறைந்த மாணவிக்குத் தோளை நெஞ்சுக்கு மேல் கொண்டுவரவே முடியாது. அவளுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். இத்தனை பேர் நடுவில் ஸ்டூல் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கையால் மட்டும் தள்ளிக்கொண்டிருப்பாள். ‘ஸ்டூல் கொண்டாங்க’ என்று உரக்கக் கேட்கச் சொல்லித்தருவதை நான் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதும் அப்படித்தான். ‘எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, யாராவது வாங்க’ என்று சொல்ல நம் பையன்களுக்கு வாய் வருவதில்லை. ஓய்ந்த கையோடு ஐந்து நிமிடம் அமுக்குவதை வீரம் என்று நினைக்கிறார்கள்.

இந்தக் கை வைத்தியம் பிறந்த கதையே கற்பித்தலோடு பின்னிக்கிடப்பது. 1960 வரை, நின்ற இதயத்தை ஓட்ட வேண்டுமென்றால் நெஞ்சைக் கத்தியால் திறந்து இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைய வேண்டும். அறுவை அரங்குக்கு வெளியே அது நடக்கிற காரியமல்ல. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை நாய்களின் மேல் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1958-இல் நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். கனமான மின்தகடுகளை நெஞ்சின்மேல் அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தக் கோடு சற்று எழும்புகிறது. அவருடைய ஆசான் கவன்ஹோவன் மருத்துவரே அல்ல, மின் பொறியாளர். அறுவை மருத்துவர் ஜூட் மூன்றாமவர். மூவரும் சேர்ந்து 1960 ஜூலையில் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகள், பிழைத்தவர்கள் 14. இரண்டு கைகள் இருந்தால் யாரும் எங்கும் தொடங்கலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த 70 சதவீதம் அதற்குப் பிறகு எங்கும் திரும்பவில்லை. அவர்கள் பார்த்த நோயாளிகளில் பலர் மயக்கமருந்து கொடுக்கும்போது, மருத்துவர்கள் சூழ்ந்திருக்கையில் இதயம் நின்றவர்கள், தெருவில் விழுந்தவர்களல்லர்.

அதே பால்டிமோரில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியலாளர், வாயோடு வாய் வைத்து ஊதினால் போதுமா என்று பார்க்கத் தன்னார்வலர்களுக்குத் தசைகளைச் செயலிழக்கவைக்கும் மருந்து செலுத்தி மூச்சை நிறுத்தினார். பிறகு மருத்துவம் படிக்காதவர்களை ஊதச் சொன்னார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் வாசற்படி ஏறவிடாத சோதனை. ஆனால் அவர் நிரூபிக்க நினைத்தது மருந்தையோ கருவியையோ அல்ல, சாதாரண ஆளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை. சொல்லிக்கொடுக்கப் பொம்மை வேண்டியிருந்தது. நார்வேயின் ஸ்டாவாங்கரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துகொண்டிருந்த ஆஸ்முன்ட் லேர்டால் அதைச் செய்து கொடுத்தார். 1960-இல் வந்த ‘ஆன்’ என்ற அந்தப் பொம்மைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் சென் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முகவார்ப்பிலிருந்து முகம் எடுத்தார். நீரில் இறந்தவளுக்கு இவ்வளவு தெளிந்த முகம் இருக்குமா என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. எது எப்படியோ, முகம் பெண்ணுடையது.

நெஞ்சு அப்படியில்லை. நம் ஸ்கில் லேபில் கிடக்கும் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு, முகம் எதுவானாலும், நெஞ்சு தட்டையான ஆண் நெஞ்சு. சேலை இல்லை, ஜாக்கெட் இல்லை, தாலிக்கொடி இல்லை. இப்படிப் பழகிய பையன் முதன்முதலில் ஒரு பெண் நோயாளி முன்னால் நிற்கும்போது கை ஒரு கணம் அந்தரத்தில் தொங்குகிறது. எங்கே வைப்பது, யார் பார்க்கிறார்கள், கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்கள். நம் ஊர்க் கூச்சம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள். பெண்களில் 39 சதவீதத்தினருக்குத்தான். நான் பொம்மைக்கு ஒரு பழைய ஜாக்கெட் மாட்டி, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி வைப்பதுண்டு. மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு கத்தரிக்கோலைத் தேடுவார்கள். தாலியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கையை வைக்க வேண்டும், ஸ்கிரீனை இழுத்துவிடச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பிறகு வரும்.

அமுக்குகிற கையின் தவறு தளர்ச்சி. மூச்சுக் கொடுக்கும் கையின் தவறு பதற்றம். காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பையைக் கையில் வாங்கியவர் அநேகமாக எல்லோரும் வேகமாகத்தான் பிழிவார்கள். மூச்சுக்குழாய் போட்ட பிறகு நிமிடத்துக்குப் பத்து போதும், ஆறு விநாடிக்கு ஒன்று. ஆறு விநாடி என்பது நிதானமாக இருக்கிறவருக்கே நீளம். ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது யுகம். அமெரிக்காவின் மில்வாக்கியில் பயிற்சி பெற்ற அவசர ஊர்தி ஊழியர்களை அளந்து பார்த்தார்கள். 2004-இல் வெளியான முடிவு: சராசரியாக நிமிடத்துக்கு 30 மூச்சு. மறுபடி உட்காரவைத்துப் பாடம் நடத்திய பிறகும் 20-க்குக் கீழே வரவில்லை. அதிகம் ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் வராது. உயிர் கொடுக்கிறோம் என்று நினைத்து வழியை அடைக்கிறோம். இது அறிவுக் குறைவல்ல. அந்த ஊழியர்கள் எல்லோருக்கும் சரியான எண் தெரியும்.

அரசு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியிலிருக்கும் மூத்த சிஸ்டர்கள் இந்த நிதானத்தைப் பேராசிரியர்களைவிட நன்றாகக் கற்பிக்கிறார்கள். வேர்த்துக்கொட்டிக்கொண்டு பையைப் பிழிந்த ஹவுஸ் சர்ஜனிடம் ஒரு சிஸ்டர், ஊசியில் அட்ரினலின் ஏற்றியபடியே, தலையைத் திருப்பாமல் சொன்னார்: “தம்பி, வயிறு உப்புது பாருங்க. நெஞ்சு ஏறுதா, அத மட்டும் பாருங்க. நான் சொல்றப்ப அமுக்குங்க.” அவர் சொல்லச் சொல்ல அந்தப் பையனின் கை அடங்கியதைப் பார்த்தேன். எந்த வழிகாட்டு நெறியிலும் அந்தக் குரல் இல்லை.

மருத்துவ மாணவர்களுக்கு உயிர்மீட்புத் திறன் கற்பித்த வரலாறு என்று எழுதினால், நான் பொம்மையிலிருந்து தொடங்கமாட்டேன். அதற்கு எட்டு வருடம் முன்னால், 1952-இல் கோபன்ஹேகனிலிருந்து தொடங்குவேன். இளம்பிள்ளைவாதம் அந்தக் கோடையில் நகரத்தைப் பிடித்தது. பிளெக்டம் மருத்துவமனைக்கு ஆறே மாதத்தில் 2,700-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுத்தசைகள் செயலிழந்தோ, விழுங்க முடியாமல் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கியோ மூச்சு நின்றுகொண்டிருந்தது. மருத்துவமனையில் இருந்தது ஓர் இரும்பு நுரையீரல், நெஞ்சைச் சுற்றிப் பொருத்தும் கவசக் கருவி ஆறு. முதல் சில வாரங்களில் அந்தக் கருவிகளில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பலர் குழந்தைகள்.

தலைமை மருத்துவர் லாசன் தயங்கித் தயங்கி மயக்கவியலாளர் பியோர்ன் இப்சனைக் கூப்பிட்டார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, அறுவை அரங்கில் செய்வதைப்போல ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க முயன்றார் இப்சன். அவள் திமிறினாள், மூச்சுக்குழல்கள் இறுகிக்கொண்டன, காற்று உள்ளே போகவில்லை. பார்க்க வந்திருந்தவர்கள் நம்பிக்கையிழந்து நகரத் தொடங்கினார்கள். இப்சன் மயக்கமருந்து கொடுத்தார். திமிறல் நின்றது, அவளுடைய சொந்த மூச்சும் நின்றது. இப்போது பை பேசியது. காற்று உள்ளே போய் வந்தது, நிறம் திரும்பியது.

வழி கிடைத்துவிட்டது, கருவி கிடைக்கவில்லை. ஒரே சமயத்தில் எழுபது பேருக்கு இப்படி மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. பையை அமுக்க ஆள் வேண்டும், இரவும் பகலும், நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். முறை வைத்து, ஒரு நாளைக்கு 250 பேர்வரை. மொத்தத்தில் ஏறக்குறைய 1,500 மாணவர்கள். சில மணி நேரச் செய்முறை விளக்கம், பிறகு ஒரு குழந்தையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான் பாடத்திட்டம். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. அடுத்த ஆண்டு இப்சன் வேறொரு மருத்துவமனையில் அமைத்த கூடத்தைத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் என்கிறார்கள்.

அந்த மாணவர்கள் செய்தது நெஞ்சை அமுக்குவதல்ல, மூச்சுக் கொடுப்பது மட்டும். ஆனாலும் நாம் கொடுக்கத் தவறும் பாடம் அங்கே முழுதாக இருந்தது. தொண்டையில் குழாய் வைத்த பிள்ளையால் பேச முடியாது. காற்று போதவில்லை என்பதை அதன் கண்ணிலிருந்தும், நெற்றியில் துளிர்க்கும் வியர்வையிலிருந்தும், பை கொடுக்கும் எதிர்ப்பிலிருந்தும் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். கை தவறினால் தவறு உடனே முகத்தில் தெரியும். திருத்தினால் திருத்தமும் தெரியும். முகம் தரும் இந்த மறுமொழி எந்தப் பொம்மையிலும் கிடைக்காது. கூடவே, கற்பித்தவர்கள் அதே வார்டில் இருந்தார்கள். நாளைக்கும் வந்து உட்கார வேண்டும் என்பதால் மறக்க நேரமில்லை. எல்லாக் குழந்தையும் பிழைக்கவில்லை என்பதையும் அவர்கள் கையாலேயே அறிந்தார்கள். சரியாகச் செய்துகொண்டிருந்தபோதே சில பைகளின் மறுமுனை குளிர்ந்துபோனது.

நம்மிடம் இருப்பது சான்றிதழ். இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். கையின் திறன் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேய்ந்துவிடுகிறது என்பது உலகம் முழுக்கத் திரும்பத்திரும்ப உறுதியான விஷயம். மிச்சமுள்ள ஒன்றரை வருடம் அட்டைதான் திறமைசாலி. 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் அடிப்படை உயிர்காப்பைப் படிப்பின் தொடக்கத்திலேயே வைத்தது. பிறகு மயக்கவியல் பகுதியிலும் பொம்மையில் செய்து காட்ட வேண்டும் என்கிறது. நல்ல மாற்றம், மறுக்கவில்லை. இந்திய மயக்கவியலாளர் சங்கத்தின் முன்முயற்சியில் நம் நாட்டு நிலைமைக்கேற்ற வழிமுறைகளும் 2017-இல் வந்தன: பொதுமக்களுக்கு நெஞ்சை அமுக்குவது மட்டும், மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் மருத்துவப் பணியாளருக்கு ஒன்று, உள்ளே இருப்பவருக்கு ஒன்று. காகிதத்தில் குறையில்லை. ஆனால் முதல் மாதத்தில், சடலத்தைக்கூட இன்னும் தொட்டுப் பார்க்காத பதினெட்டு வயதுப் பிள்ளை பொம்மையை அமுக்குகிறது. அடுத்த முறை பல பருவம் கழித்து. சங்கீதம் கற்கும் பிள்ளையிடம் ஒரு மாதம் சாதகம் செய், பிறகு நாலு வருடம் கழித்துக் கச்சேரி என்று எந்த வாத்தியாரும் சொல்லமாட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொம்மை இருக்கிறது. அமுக்கினால் ஆழமும் வேகமும் திரையில் வரும். அது கண்ணாடி அலமாரிக்குள், அலமாரி பூட்டிய அறைக்குள், அறைச் சாவி ஓர் அலுவலரின் மேசை டிராயருக்குள். ஆய்வுக் குழு வரும் வாரத்தில் அதன் முகத்தைத் துடைத்து வெளியே வைப்பார்கள். கேட்டால், பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்பார்கள். உடையத்தானே அதை வாங்குகிறோம்? உடையாத பொம்மை என்றால், யாரும் தொடாத பொம்மை என்றுதான் அர்த்தம்.

அந்த இடைவெளியில் சினிமா வந்து உட்கார்ந்துகொள்கிறது. வயிற்றை அமுக்கினால் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கண் விழிக்கும் கதாநாயகி, நேர்கோடாக ஓடும் ஈசிஜிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டாக்டர். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. துடித்துத் தாறுமாறாக நடுங்கும் இதயத்துக்குத்தான். 1996-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை உட்கார்ந்து எண்ணிய மூன்று மருத்துவர்கள், திரையில் உயிர்மீட்பு செய்யப்பட்டவர்களில் 75 சதவீதம் அப்போதைக்குப் பிழைப்பதாக எழுதினார்கள். நிஜத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவோர், வசதி மிக்க நாடுகளிலேயே பத்தில் ஒருவர் கணக்குத்தான். ‘நண்பன்’ படத்தில் மூச்சில்லாமல் பிறந்த குழந்தை உதைத்துக்கொண்டு அழும்போது அரங்கம் கைதட்டியது. பிரசவ அறையில் கைதட்டல் வராத வேலைதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது: துடைப்பது, சூடாக வைப்பது, ஒரு நிமிடத்துக்குள் முகமூடியைச் சரியாகப் பொருத்திக் காற்றுக் கொடுப்பது. தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைய வேண்டாம் என்று இன்றும் வகுப்பில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. நம் மாணவர் பலர் உயிர்மீட்பை முதன்முதலாக நேரில் பார்ப்பது ஒரு நாடகமாக. வரும்போதே உடல் குளிர்ந்து, கண்மணி விரிந்து நிலைத்துவிட்ட நோயாளி. வாசலில் இருபது பேர். உடனே இறந்துவிட்டார் என்று சொன்னால் அடி விழும் என்ற பயம். தமிழ்நாட்டில் மருத்துவமனைத் தாக்குதலுக்கு எதிரான சட்டம் 2008-இலேயே வந்துவிட்டது, பயம் போகவில்லை. அதனால் பத்து நிமிடம் அமுக்குவார்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. ‘நீயும் கொஞ்சம் பழகிக்கோ’ என்று மாணவரைத் தள்ளிவிடுவதும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் மாணவர் கற்பது ஆழத்தையல்ல, வேகத்தையல்ல. இது ஒரு சடங்கு, அமுக்குவதுபோல் இருந்தால் போதும் என்பதை. கைக்கு ஒருமுறை அது ஏறிவிட்டால், பிழைக்க வாய்ப்புள்ள அடுத்த நோயாளியிடமும் அந்தக் கைதான் போகும். இறந்தவர் உடலில் அவர் வீட்டாரிடம் கேட்காமல் பழகுவது தவறு என்பது ஒரு பக்கம். பழக்கமாகவே அது கெட்ட பழக்கம் என்பது என் தீர்ப்பு.

தொடங்கச் சொல்லித்தருகிறோம், நிறுத்தச் சொல்லித்தருவதில்லை. புற்று உடல் முழுக்கப் பரவி, எலும்பும் தோலுமாக, தான் போகப்போவது தெரிந்தே படுத்திருக்கும் முதியவரின் விலாவை உடைப்பதால் யாருக்கு என்ன நன்மை? கண்ணியத்தோடு இறக்கும் உரிமையையும் இறுதிக்காலச் சிகிச்சை எப்படியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலையும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. சிக்கலாக இருந்த நடைமுறையை 2023-இல் எளிதாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல், யாருக்கு உயிர்மீட்பு முயல வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. குடும்பத்தாரோடு முன்னாலேயே பேசி, எழுத்தில் வைக்கச் சொல்கிறது. எத்தனை வார்டு கேஸ் ஷீட்டில் அந்தத் தாளைப் பார்க்கிறோம்? பேசக் கூச்சம், கையெழுத்திட பயம். கடைசியில் நள்ளிரவில் தனியாக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் தலையில் அந்த முடிவு விழுகிறது. முடிவெடுக்க அவருக்கு யாரும் கற்பிக்காததால் அவர் அமுக்கத் தொடங்குகிறார்.

நிறுத்திய பிறகு நடப்பதும் பாடம்தான். நேர்கோடாக ஓடும் ஈசிஜி துண்டைக் கிழித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டி நேரம் எழுதுவது எல்லோருக்கும் தெரிகிறது. வெளியே போய்ச் சொல்வதற்கு மட்டும் ஆள் இருக்காது. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ‘எக்ஸ்பயர்’ என்றால் என்ன என்று அந்த அம்மா பக்கத்திலிருக்கும் அட்டெண்டரிடம் கேட்பாள். நான் மாணவரை என்னோடு நிற்கவைக்கிறேன். உட்காரவைத்து, பெயர் சொல்லி, ‘இறந்துட்டாரும்மா’ என்று தமிழில் சொல்லிவிட்டு, பேசாமல் இருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்பதை மாணவர் அங்கே நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும். அழுகை அடங்கிய பிறகு பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: “எல்லாம் செஞ்சு பாத்தீங்களா சார்?” ‘செஞ்சோம்மா’ என்று பொய்யில்லாமல் சொல்ல, உள்ளே கை ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பொம்மையைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கொண்டுபோய், பணியிலிருப்பவர்களை நின்ற இடத்திலேயே சில நிமிடம் பழகவைத்தார்கள். 2009-இல் அதை எழுதியும் வைத்தார்கள். நம் ஊர் வார்டுக்கு அது இன்னும் பொருத்தம். எண் காட்டும் விலையுயர்ந்த பொம்மை தேவையில்லை. அமுக்கினால் ‘க்ளிக்’ என்று சொல்லும் சாதாரணப் பொம்மை போதும், பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு பலகை, ஓர் ஆம்பு பை. பணிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர், பி.ஜி., பேராசிரியர் யாராயினும் வாரத்துக்கு இரண்டு நிமிடம் அமுக்கிவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடட்டும். இதைப் படிக்கும் கல்லூரி முதல்வர்கள் யாராவது இருந்தால், ஒரு வேண்டுகோள்: புதிதாக எதையும் வாங்கும் முன், இருக்கிற பொம்மையின் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக் காலை விசாரியுங்கள்.